ஆட்காட்டி காட்டும் ஆள்

தமிழில் 'பறவை' என்னும் சொல் 'பற' என்ற வினையடியாகப் பிறந்தது. பறப்பது யாதோ அதுவே பறவை. செயலைக் கொண்டு உயிரைச் சுட்டும் இவ்வழக்கினை நம் மொழியின் வேறு பல பெயர்களிலும் காணலாம். மீனைக் கொத்துவது மீன்கொத்தி. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. ஆள் வரவைக் கூவிக் காட்டுவது ஆட்காட்டி. இப்பெயர்களை இட்டவர்கள் வயலிலும் காட்டிலும் களப்புக் கரையிலும் உழைத்த மக்கள். பறவையைத் தன் தொழிலைத் தானே செய்து வாழும் ஓர் உயிராக அவர்கள் கண்டனர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

இன்று நம்மிற் பலர் பறவைகளைப் படங்களிலேயே காண்கிறோம். நாட்காட்டியிலும் பாடநூலிலும் கைத்தொலைபேசித் திரையிலும் அவை வந்தவண்ணம் இருக்கின்றன. நீரைப் பிளந்து மேலெழும் மீன்கொத்தி, காலில் இரையைப் பற்றித் திரும்பும் பருந்து, ஒருசேரக் கிளம்பும் பூநாரைக் கூட்டம் என, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடியும் செயல்களை நிறுத்திக் காட்டும் இப்படங்களின் அழகை மறுப்பாரில்லை. ஆயினும் அழகை ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. படத்திற் காணப்படும் செயல் யாருடைய செயல்? பறவை தன் வாழ்க்கைத் தேவையால் செய்ததா, அன்றிப் படம்பிடிக்க வந்தவன் அதனைச் செய்வித்தானா? கலையைப் பற்றியும் அறத்தைப் பற்றியும் ஒருங்கே சிந்திக்க வைக்கும் வினா இது.

விரைவான அசைவைப் படமாக்கும் முயற்சி முதலில் அறிவுத் தேட்டமாகவே தொடங்கியது. பாய்ந்தோடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு மேலெழுமா என்ற ஐயத்தை, வரிசையாக வைத்த கமராக்களின் உதவியால் 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் தீர்த்து வைத்தார். மேலெழும் என்பதே விடை. நூற்றாண்டுகளாக ஓவியர் வரைந்துவந்த பாயும் குதிரை கண்ணின் மயக்கம் என்பது அன்று வெளியாயிற்று. பிரான்சிய உடலியல் அறிஞர் மாரே 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கமராவை அமைத்தார். அது செக்கனுக்குப் பன்னிரண்டு படங்களை எடுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழுந்த நேரம் ஒரு செக்கனின் எழுநூற்றிருபதில் ஒரு பங்கு. பறக்கும் பறவையின் சிறகு எவ்வாறு தாழ்ந்து எழுகிறது என்பதை மனிதர் படிப்படியாகக் காண அக்கருவி வழிசெய்தது. 1930களில் அமெரிக்கப் பொறியியலாளர் எட்கேட்டன் வளர்த்தெடுத்த மின்னொளி முறை, தேன்சிட்டினும் வேகமாகச் சிறகடிக்கும் அமெரிக்க ஓசனிச்சிட்டின் சிறகையும் அசைவற்று நிற்கவைத்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மாரே கமராவுக்கு வருமுன்னர், 1870களில், பறவைகளின் உடலிற் கருவிகளைப் பூட்டிச் சிறகசைவைக் குறித்துக்கொண்டவர். கட்டுண்ட பறவையின் அசைவு கட்டற்ற பறவையின் அசைவாகுமா? தூரத்தே நின்று பார்க்கும் கமராவுக்கு அவர் மாறியபோது, பறவை கருவியின் சுமையிலிருந்து விடுபட்டது. பெறப்பட்ட அறிவும் செம்மையாயிற்று. பறவைக்கு நாம் இழைக்கும் இடையூறு குறையக் குறைய அதனைப்பற்றி நாம் பெறும் உண்மை கூடுகிறது. அறமும் அறிவும் இங்கு ஒரே வழியிற் செல்கின்றன.

கமரா வந்தமையாற் பறவையினம் பெற்ற நன்மையையும் நாம் மறத்தலாகாது. முற்காலத்திற் பறவையை அறிய விரும்பியவர் அதனைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்துப் பெட்டியில் அடுக்கினர். நூதனசாலைகளில் இன்றும் இருக்கும் பறவைத் தோல்கள் அக்காலத்தின் எச்சங்களாம். 1895இல் இங்கிலாந்தின் கேட்டன் சகோதரர்கள் பறவைக் கூடுகள் பற்றி முற்றிலும் நிழற்படங்களைக் கொண்ட நூலொன்றை வெளியிட்டனர். பறவைகள் தம்மைக் கண்டு அஞ்சாதிருக்கும்பொருட்டு மாட்டுத் தோலாற் செய்த பொய் எருதினுள் ஒளிந்திருந்தும் அவர்கள் படம் எடுத்தனர். துப்பாக்கியை ஏந்திய கை கமராவை ஏந்தியமை நாகரிகத்தின் முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை.

எனினும் கருவி மாறியதனால் மாத்திரம் மனநிலை மாறிவிடாது. தமிழிற் 'படம் எடுத்தல்' என்றும் 'படம் பிடித்தல்' என்றும் கூறுகிறோம். எடுத்தலும் பிடித்தலும் உடைமையாக்கும் வினைகள். ஆங்கிலத்திலோ வேட்டைக்குரிய சொல்லே கமராவுக்கும் வழங்குகிறது. யாரிடமிருந்து எடுக்கிறோம், எடுக்கப்பட்டதற்கு விலை கொடுப்பது யார் என்ற வினாக்களைச் சொற்களே நமக்கு நினைவூட்டுகின்றன.

ஆட்காட்டியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் வயலோரங்களிலும் குளக்கரைகளிலும் தரவை நிலங்களிலும் வாழும் பறவை அது. மரத்திற் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிற் சிறு குழியொன்றில், மண்ணோடு மண்ணாக, கல்லோடு கல்லாகத் தோன்றும் முட்டைகளை இடுகிறது, பெரும்பாலும் நான்கு. உலர் வலயத்தின் உச்சி வெயிலில் அம்முட்டைகளுக்கு வேண்டுவது சூடன்று, நிழலே. தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைகளின் மேல் நின்று நிழலிடுகின்றன. அருகிலுள்ள நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கவும் செய்கின்றன. ஏறத்தாழ நான்கு வாரங்கள் இவ்வுழைப்புத் தொடர வேண்டும்.

இந்நிலையில் ஒருவர் கமராவுடன் அணுகுகிறார். பறவை எழுந்து கதறுகிறது. அவர் தலைக்கு மேலே வட்டமிடுகிறது. சிறகை விரித்து, கால்களை நீட்டி, நேரே பாய்ந்து வந்து கடைசிக் கணத்தில் விலகுகிறது. கறுப்பும் வெள்ளையுமான சிறகுகள் முழுவதும் விரிந்த அக்கணத்தில் எடுக்கப்படும் படம் மிக அழகியதாக இருக்கும். பார்ப்பவர் அதனை வீரம் என்பர், நடனம் என்பர். உண்மையில் அது பயத்தின் படம். அப்பயத்துக்குக் காரணமானவர் படத்தின் சட்டத்துக்கு வெளியே, கமராவுக்குப் பின்னால் நிற்கிறார். சட்டத்துக்கு வெளியே உள்ள இன்னொன்று, நிழலிழந்து வெயிலிற் கிடக்கும் முட்டைகள்.

நம் முன்னோர் இப்பறவைக்கு ஆட்காட்டி எனப் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! அப்படத்திற் பறவை காட்டுவது ஆளையே. இதன் குரலைக் கேட்ட ஆங்கிலேயர், 'அவன் செய்தானா?' என்று அது வினவுவதாகக் கற்பித்து, அதையே அதற்குப் பெயராகவும் வழங்கினர். இவ்விரு பெயர்களையும் சேர்த்து நோக்கின், நாம் மேலே எழுப்பிய வினாவைப் பறவையே எழுப்புவது போல் இருக்கிறது. நம் நாட்டார் பாடலிலும் ஆக்காட்டி வருகிறது. அங்கு அது வலையிற் சிக்கி, தன் குஞ்சுகளை எண்ணிப் புலம்பும் தாய். ஏட்டுக் கல்வியறியாத மக்கள் அப்பறவையின் கூவலை அழகெனப் பாடாமல் துயரெனப் பாடினர். அவர்கள் அதன் செயலின் காரணத்தை அறிந்திருந்தனர்.

ஆகவே காட்டுப் பறவைகளின் செயல்களைக் காட்டும் படங்களை இரு வகையாகப் பிரித்தல் வேண்டும். பறவை தன்னியல்பாகச் செய்யும் செயலைக் காட்டுவன ஒருவகை. நம்முடைய வருகைக்கும் தூண்டலுக்கும் எதிராக அது செய்யும் செயலைக் காட்டுவன மற்றொருவகை. இரண்டாம் வகையை முதல் வகையென்று நம்மிடம் தருவது பொய். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் மெய்யாக இருக்கலாம். முழுப்படமும் பொய்யாக இருக்கலாம்.

தூண்டுதலுக்குப் பல வழிகள் உள்ளன. மீன்கொத்தி ஆற்றில் எவ்விடத்தில் எக்கணத்திற் பாயும் என்று யாரும் அறியார். ஆதலால் நீர்மட்டத்தின் கீழே கண்ணாடித் தொட்டியில் உயிர்மீன்களை அடைத்து வைத்து, அதன் மேலே குச்சியொன்றை நட்டுவிடுகின்றனர். பறவை குச்சியில் வந்து அமர்கிறது, தொட்டியிற் பாய்கிறது, கமரா ஏற்கெனவே அவ்விடத்தைக் குறிபார்த்து நிற்கிறது. ஐரோப்பாவின் சில இடங்களில் இத்தகைய மறைவிடங்கள் கட்டணத்துக்கு விடப்படுகின்றன. சிங்கப்பூரில் 2016இல் ஒருவர், மீன்பருந்தைப் படமெடுக்கும்பொருட்டு, மீன் நீரில் அமிழாது மிதக்க அதனுள் நுரைத்துண்டைத் திணித்து விட்டமை வெளியாகித் தண்டம் செலுத்த நேர்ந்தது. பறவை விழுங்குவது மீனை மாத்திரமா என்று அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அம்மீனும் ஓர் உயிரே என்பது பேச்சிலேயே இல்லை.

கூட்டமாக இருக்கும் பறவைகளைக் கைதட்டியும் கல்லெறிந்தும், இக்காலத்தில் ஆளில்லாப் பறக்குங் கருவிகளை ஏவியும் கிளப்புவது இன்னொரு வழி. மன்னார்ப் பகுதியின் வங்காலை, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மத்திய ஆசியாவுக்கும் அதற்கும் வடக்கே உள்ள நிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான மைல்கள் கடந்து வரும் உள்ளான்களும் தாராக்களும் இத்தகைய களப்புகளில் மாரிகாலத்தைக் கழிக்கின்றன. அவற்றுக்கு இது உல்லாசப் பயணமன்று. மீண்டும் வடக்கே பறப்பதற்கு வேண்டிய கொழுப்பை உடலிற் சேர்த்துக்கொள்ளும் உழைப்புக் காலம். ஒவ்வொரு முறை அஞ்சி எழும்போதும் சேர்த்ததிற் சிறிது செலவாகிறது. மேய்ச்சல் நேரமும் போகிறது. கூலிக்காரனின் கைக்காசைச் சிறிது சிறிதாகப் பறிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, 'சில நிமிடங்கள்தானே' என்பது. தனியொருவரை மாத்திரம் எண்ணும்போது இது நியாயம்போல் தோன்றும். ஆனால் கூடு இருக்குமிடம் நண்பர்களுக்கிடையே பரவுகிறது. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் இருபது பேருக்கு இருநூறு நிமிடம். ஒவ்வொருவரும் தம் பங்கு சிறியதென்று எண்ணுகின்றனர். முட்டையோ மொத்த வெயிலையும் தாங்கவேண்டியதாகிறது. தனிமனிதக் கணக்கில் மறைந்துவிடும் தீங்கு சமூகக் கணக்கில் வெளிப்படும் என்பதை முற்போக்கு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு வலியது. பறவைகளுக்குப் பெருங்கேடு செய்வது கமராவா? 1990இல் நம் நாட்டின் முதலாவது ராம்சர் ஈரநிலமாகிய புந்தலவில், நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிநீர் சேர்ந்து களப்புகளின் உவர்த்தன்மை குறைந்தது. உவர்நீரின் சிற்றுயிர்களை உண்டு வாழும் பூநாரைகள் அவ்விடத்தை விட்டகன்றன. எந்தப் படப்பிடிப்பாளரும் அதற்குப் பொறுப்பல்லர். இவ்வாறான பெருங்கேடுகளை உலகுக்கு அறிவிக்கும் படங்களைக் குறைகூறுவது தகுமா என்று கேட்பர்.

பெரிய தீமை உண்டென்பதனாற் சிறிய தீமை நன்மையாகிவிடாது என்பது எளிய விடை. அதனினும் முக்கியமான விடையொன்று உண்டு. நாளை ஒரு களப்பை நிரப்பி அங்கு ஏதேனும் ஒரு திட்டத்தை நிறுவ முற்படும்போது, 'இங்கு இப்பறவைகள் வாழ்கின்றன' என்று நாம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். படமே அச்சாட்சி. இரை வைத்து வரவழைத்த பறவையையும் கல்லெறிந்து கிளப்பிய கூட்டத்தையும் காட்டிப் பழகிய ஒருவரின் படத்தை எதிர்த்தரப்பு எளிதிற் புறந்தள்ளிவிடும். ஒருவரின் பொய் ஏனையோரின் மெய்யையும் கெடுக்கும். 2009இல் இலண்டனில் நடைபெறும் பெயர்பெற்ற வனவிலங்கு நிழற்படப் போட்டியில், வேலித்தடையைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம் முதற்பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட விலங்காயிருக்கக் கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010இற் பரிசைத் திரும்பப் பெற்றனர். படமெடுத்தவர் அதனை மறுத்தார். படத்தில் ஓநாய் மெய்யே, பாய்ச்சலும் மெய்யே. அப்பாய்ச்சல் யாருடையது என்ற ஒரே ஐயம் அனைத்தையும் வீழ்த்தியது.

'கலைஞனுக்கு விதியுண்டோ' என்பது மூன்றாவது மறுப்பு. ஓவியன் தன் கற்பனையாற் சிறகை விரிக்கலாம். அதனால் எப்பறவைக்கும் நோவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. நிழற்படக்காரனோ 'இது நடந்தது' என்று கூறுகிறான். அவ்வுறுதிமொழியின் பயனை ஏற்றுக்கொள்பவன் அதன் கடமையையும் ஏற்றுக்கொள்ளவே வேண்டும்.

இனி, குற்றத்தைத் தனிமனிதரின் மேல் மாத்திரம் சுமத்தி ஒதுங்குவதும் நேர்மையாகாது. இன்றைய கமரா செக்கனுக்கு இருபது, முப்பது படங்கள் எடுக்கிறது. பறக்கும் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. பொத்தானை முழுதும் அழுத்துவதற்குச் சற்று முன் நிகழ்ந்ததையும் சேமித்து வைக்கிறது. இத்தகைய கருவியும் அதற்கேற்ற வில்லையும் ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அத்தனை பணம் கொடுத்தவர் விரைவிற் பலன் காண விரும்புகிறார். போட்டிகளும் சமூக ஊடகங்களும் நாள்தோறும் மேலும் வியப்பூட்டும் படங்களைக் கேட்கின்றன. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மதிப்பில்லை. பாய வேண்டும், கவ்வ வேண்டும், மோத வேண்டும். செயல் சரக்காகிவிட்ட சந்தையிற் பொறுமை நட்டமாகக் கணக்கிடப்படுகிறது. சந்தையின் அவசரம் இறுதியிற் பறவையின் மேல் வந்து விடிகிறது.

களப்பிற் படகோட்டும் மீனவரின் நிலையையும் நோக்குக. பறவை எங்கு மேயும், எப்போது எழும், எத்துணைத் தூரத்தில் அஞ்சும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வந்தவர் 'இன்னும் கொஞ்சம் கிட்ட விடு' என்கிறார். விடக்கூடாதென்று அவர் அறிவார். ஆனால் மறுத்தால் அன்றைய கூலி போய்விடும். படத்தின் கீழ் அவருடைய பெயர் வருவதில்லை. பறவைக்கு இழைக்கப்படும் அநீதியும் உழைப்பாளியின் அறிவுக்கு இழைக்கப்படும் அநீதியும் ஒரே படகில் ஏறிச் செல்கின்றன. ஆதலால் 'தூரம் இவ்வளவுதான்' என்று சொல்லும் உரிமையை அவருக்கு வழங்கும் பொது ஒழுங்கு வேண்டும். இலண்டன் போட்டி உயிர் இரை வைத்து எடுக்கும் படங்களை ஏற்பதில்லை. கூட்டில் எடுத்த படங்களையும் ஏற்க மறுப்பது எல்லாப் போட்டிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் பொது நியதியாதல் நன்று. தனிமனிதரின் நல்லெண்ணம் தளரும் இடத்திற் கூட்டு ஒழுங்கே கைகொடுக்கும்.

கமராவின் திறன் வளர வளர மனிதனின் திறன் குறைந்து வருகிறது எனச் சிலர் வருந்துகின்றனர். கணத்தைக் கணித்து விரலை அழுத்தும் வித்தை இயந்திரத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாத சில தீர்மானங்கள் இன்னும் மனிதனிடமே உள்ளன. எங்கு நிற்பது, எவ்வளவு அணுகுவது, எப்போது திரும்பிப் போவது, எப்படத்தை எடுக்காமல் விடுவது என்பனவே அவை. படப்பிடிப்பாளனுக்கு எஞ்சியிருக்கும் கலை பெரும்பாலும் அறத்தைச் சார்ந்ததே.

நம் இலக்கிய மரபில் இதற்கு இரு முன்மாதிரிகளைக் காணலாம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றுகிறோம். மயிலின் செயலை அவன் குளிரால் நடுங்குவதாகக் கொண்டான். அவனுடைய அன்பு மெய்; பறவையைப் பற்றிய அறிவு பிழை. பறவையின் ஒவ்வோர் அசைவையும் நமக்கு இனிய பொருளில் விளங்கிக்கொள்ளும் இரசிகர் பேகனின் வழித்தோன்றல்கள் எனலாம். பேகனாவது தன் போர்வையைக் கொடுத்தான். நாம் எதையும் கொடுப்பதில்லை.

மற்றையது குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டிற் கபிலர் காட்டும் குருகு. காதலர் இருவரும் கூடியபோது அங்கிருந்த ஒரே சாட்சி அது. ஆனால் அது அவர்களைப் பார்க்கவில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது. மனிதரின் கதைக்குள் நின்றும் மனிதருக்காக நில்லாமல், தன் வயிற்றுப்பாட்டைத் தான் பார்த்துக்கொண்டிருந்த அக்குருகு, ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் உயிரோடு நிற்பது அதனாலேயே. கபிலர் அதனைக் கிளப்பவில்லை.

பாடசாலைகளில் இயற்கைக் கழகங்களை நடத்தும் ஆசிரியர்களும், கைத்தொலைபேசியோடு களப்புக்குச் செல்லும் மாணவர்களும் ஒரு வழக்கத்தை மேற்கொள்ளலாம். சுவரில் ஒட்டும் ஒவ்வொரு பறவைப் படத்தின் கீழும் மூன்று வரிகள் எழுதப்படட்டும்: எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தது, படத்துக்கு முன் பறவை என்ன செய்துகொண்டிருந்தது, படத்துக்குப் பின் என்ன செய்தது. மூன்றாவது வரியில் 'முன்போலவே மேய்ந்துகொண்டிருந்தது' என்று ஒரு மாணவனால் உண்மையாக எழுத முடிந்தால், அவனுடைய படம் சற்று மங்கலாயிருப்பினும் அதற்கே முதலிடம் தரலாம். 'பறந்து போய்விட்டது; நாங்கள் வரும்வரை திரும்பவில்லை' என்று எழுத நேர்ந்தால், அதனை மறைக்காமல் எழுதச் செய்து, ஏன் என்று வகுப்பில் எல்லாருமாகப் பேசட்டும். பறவை அறிவும் சமூக அறிவும் அங்கு ஒருங்கே தொடங்கும்.